கியூ அண்ணை தேர்தலில் நின்ற கதை

வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்று, "தள்ளுப்படாமல் ஒவ்வொருத்தரா வாங்கோ" என்று அலைகளுக்கே உத்தரவு போடக்கூடிய மனிதர் இந்தக் கொழும்பில் ஒருவர்தான் இருக்கிறார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், யாருக்கும் தெரியாது. தேர்தல் நோட்டீஸில் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். எங்களுக்கு அவர் கியூ அண்ணை. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை அண்ணை என்பார். கேட்பவர்களுக்குத் தலை சுற்றும்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். புறக்கோட்டையில் மூட்டை தூக்கி, பிறகு தட்டில் வடை விற்று, இன்றைக்குக் காலி வீதியில் இரண்டு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குள் நுழைகிறவன் நடையைப் பார்த்தே அவன் சோறு கேட்பானா, கடன் கேட்பானா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் பிழையாக எடைபோட்ட ஒரே ஆள் கியூ அண்ணை.

தபால் கந்தோர் கவுண்டரில் முழு உத்தியோக காலத்தையும் கழித்தவர். பென்ஷன் எடுத்த பிறகும் கவுண்டர் அவரை விடவில்லை. எங்கே நாலு பேர் கும்பலாக நின்றாலும் அவருக்குக் கை பரபரக்கும். ஒரு செத்த வீட்டில், பிரேதத்தைப் பார்க்க வந்தவர்களை வரிசைப்படுத்தி, "அழுகிறவை வலது பக்கம், சும்மா பாக்கிறவை இடது பக்கம்" என்று பிரித்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டு மேசைக்கு நேரே போன மாப்பிள்ளையைத் தோளில் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணை, நான்தான் மாப்பிள்ளை."

"தெரியும் தம்பி. தாலி கட்டேக்க நீர்தான் முதல் ஆள். ஆர் மறிச்சது? இது சோறு. பின்னால போம்."

மாப்பிள்ளை மாலையோடு பின்னால் போனார். பொம்பிளை மேடையிலிருந்து சிரித்தாளாம்.

காஸ் தட்டுப்பாடு வந்ததே, அதுதான் அவருடைய பொற்காலம். ஒழுங்கை முனையிலிருந்து கடற்கரைப் பக்கம்வரை வெறும் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும், சங்கிலியால் பிணைத்தபடி. கியூ அண்ணை ஒவ்வொன்றிலும் சோக்கால் நம்பர் எழுதுவார், கொப்பியில் பெயர் பதிவார். லொறி வந்ததும் வெறும் சிலிண்டரைக் கொடுத்து நிறை சிலிண்டரை வாங்கித் தருவார். ஒரு நாள் பெரிய ஜீப்பில் ஒரு பெரிய மனிதர் வந்து இறங்கினார். "மாத்தயா, பஸ்ஸட்ட யன்ன", ஐயா பின்னுக்குப் போங்கோ, என்று சிங்களத்தில் சொல்லிக் கையால் வரிசையின் வாலைக் காட்டினார் இவர். வந்தவர் திரும்பி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு ஒழுங்கையே கைதட்டியது.

அந்தக் கைதட்டுத்தான் பிறகு அவரை மாநகர சபைத் தேர்தலில் கொண்டுபோய் விட்டது. சுயேச்சை. சின்னம் எடுக்கப் போன இடத்தில் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசி ஆளாகப் போனார். மிஞ்சியிருந்தது தேங்காய்த் திருவலை. "நல்ல சின்னம். எல்லா வீட்டிலயும் இருக்கு" என்று சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? 'இவருடைய கடந்த காலம் தெரியுமா?' என்று ஒரு நோட்டீஸ். நாலு குற்றச்சாட்டு. மற்ற வேட்பாளர் என்றால் வக்கீலிடம் ஓடியிருப்பார். இவர் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தார். 'மணமகனை அவமதித்தார்' என்ற இடத்தில், 'மணமகனின் தகப்பனையும்' என்று சேர்த்து எழுதினார். 'பஸ் சாரதியோடு சண்டை பிடித்துப் பொலிசுக்குப் போனவர்' என்பதற்கு, 'ஒரு தரம் அல்ல, மூன்று தரம். மூன்றாவது தரம் பிழை என்னுடையது.' 'செத்த வீட்டில் ஒழுங்கீனம்' என்பதை அடித்துவிட்டு, 'ஒழுங்கு' என்று எழுதினார். திருத்திய நோட்டீஸைப் பிரதி எடுத்துத் தானே வீடு வீடாகக் கொடுத்தார்.

நாலாவதில் மட்டும் சிவப்பு மை படவில்லை. 'காஸ் காலத்தில் கியூவில் நிற்காத ஒருவருக்கு நிறை சிலிண்டர் கொடுத்தார். யாருக்கு? எதற்காக?'

நோட்டீஸ் என் கடை மேசையில் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்தேன். ஏனென்றால், அந்த ஒருவர் நான்தான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கு வீட்டுக்கு நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு ஏற்றிருந்தேன். கடையில் காஸ் இல்லை. இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமும் இல்லை. விடிய முதல் லொறி வந்த நேரம் கியூ அண்ணையிடம் போய், "மனிசிக்கு இழுப்பு, ஆவி பிடிக்கச் சுடுதண்ணிக்கும் வழியில்லை" என்று ஒரு பொய் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூன்றாம் நம்பருக்கு வந்த நிறை சிலிண்டரை எனக்குத் தந்தார். அது அவருடைய நம்பர். என் வெறும் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வரிசையின் வாலுக்குப் போய், கடைசி நம்பரைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். யாருடைய இடமும் ஓர் அங்குலம் நகரவில்லை. பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு ஓட்டோவில் நிறை சிலிண்டர் ஒன்று போனது மட்டும்.

வீட்டில் நான் என்ன சொன்னேன்? "காஸ் ஏஜென்ட் என்ர ஆள். ஒரு போன் போட்டன்."

கடைசி நம்பருக்குக் காஸ் வர ஆறு கிழமை எடுத்தது. அந்த ஆறு கிழமையும் கியூ அண்ணையின் மனிசி வாசலில் மூன்று செங்கல் வைத்து, பலகைத் துண்டு எரித்துச் சமைத்தா. ஒரு நாள் அந்தப் புகையைக் கண்டேன். அதற்குப் பிறகு அடுத்த தெருவால் சுற்றிப் போனேன்.

தேர்தலுக்கு முதல் கிழமை ஒழுங்கை முனையில் கூட்டம். கதிரை முழுக்க நான் கொடுத்தது, அதனால் முன்வரிசையில் நானும் மனிசியும். கேள்வி கேட்க ஒரு மைக். கேட்கிறவர்களும் கியூவில்தான். எதிர்த்தரப்பு ஆள் ஒருவர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நாலாவதுக்கு ஏன் பதில் எழுதேல்லை?"

"திருத்த ஒண்டுமில்லை."

"அப்ப குடுத்தது உண்மையோ?"

"குடுத்தனான்."

"ஆருக்கு?"

"அடுத்த ஆள் வாங்கோ."

"கள்ளன்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வாழ்நாளெல்லாம் ஒரு ஆளைக்கூட முந்தவிடாத மனிதர். காது மடல்வரை சிவந்துபோய், கையிலிருந்த கொப்பியைப் புரட்டிக்கொண்டு நின்றார். அவருடைய மனிசி தலை நிமிரவில்லை.

நான் எழும்பினேன். "அது வந்து..."

"அண்ணை, இருங்கோ! உங்களுக்கு முன்னால ஆறு பேர் நிக்கினம்."

விளங்கிவிட்டது. கியூவைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்க்கிறார். சரியென்று போய் ஏழாவது ஆளாக நின்றேன். ஒருவர் நுளம்புக் கடியைப் பற்றிக் கேட்டார். ஒருவர் தண்ணீர் ஓடாத கானைப் பற்றி. இன்னொருவர் தெருநாய்களைப் பற்றி, ஒவ்வொரு நாயின் பெயரோடும். ஐந்தாவது ஆளிடம் கேள்வியே இல்லை: "என்னவோ குடுக்கினம் எண்டு நிண்டனான்." என் முறை வந்ததும் கியூ அண்ணை இறங்கி வந்து மைக்கைக் கையால் பொத்தினார்.

"விசரே அண்ணை? கடைப் பேர் கெட்டுப்போம். பேசாமல் போய் இருங்கோ."

கையை விலக்கினேன். "அந்தச் சிலிண்டர் எனக்குத்தான் தந்தவர். தன்ர சொந்த நம்பரைத் தந்தவர். மனிசிக்கு இழுப்பெண்டு நான் பொய் சொல்லி வாங்கினனான்."

முன்வரிசையிலிருந்து என் மனிசி எழும்பினாள்.

"எனக்கு இழுப்போ? எப்பயிருந்து?"

சனம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கியூ அண்ணையைப் பார்த்துக் கேட்டாள்: "இவர் சொன்னதை நீங்கள் நம்பினீங்களோ?"

"இல்லை அக்கா. அண்டைக்கு விடியப்புறம் நீங்கள் கோயிலுக்கு விறுவிறெண்டு நடந்து போனதைக் கண்டனான்."

"பிறகு ஏன் குடுத்தனீங்கள்?"

அவர் கொப்பியை மூடினார். "அண்ணை ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கிற ஆளில்லை. கேட்டிட்டார். பிறகு நான் எப்பிடி அக்கா நம்பர் பாக்கிறது?"

என் உண்மையால் அவர் வென்றார் என்று எழுதத்தான் ஆசை. தோற்றார். நன்றாகவே தோற்றார். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் மறக்கவில்லை போலும்.

முடிவு வந்த அன்று பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஆறுதலாகச் சொல்லப் பெரிய கதையெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவருடைய மனிசி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தா. எந்த வீட்டில் இருந்தாலும் நான்தான் கதைப்பேன், மற்றவர்கள் கேட்பார்கள். அன்றைக்கு ஒரு மணித்தியாலம் அவருக்குப் பக்கத்தில் ஒன்றும் கதைக்காமல் இருந்தேன். எழும்பிப் போக மனம் வரவில்லை.