ஏழாம் மாடியின் ஆட்சேபனை

கீழே இருப்பவர்களைப் பற்றி இவ்வளவு உயரத்திலிருந்து கவலைப்பட்ட நிறுவனம் மனித குலத்தின் வரலாற்றில் இன்னொன்று கிடையாது. 'அடித்தட்டு நீதி அறக்கட்டளை'யின் அலுவலகம் ஏழாம் மாடியில் இருந்தது. ஜன்னலோரம் நின்றால் அடித்தட்டு முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். கண்ணாடி அவ்வளவு சுத்தம்.

அந்தக் கண்ணாடியைத் துடைப்பவள் 'ஏழாம் மாடி அக்கா'. கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கும் ஒன்பது பெண்களில் வாய் உள்ளவள் அவள்தான். அந்த ஒன்பது பேருக்கும் சின்னதாக ஒரு சிக்கல். காலை ஆறு மணியிலிருந்து மதியம் இரண்டு வரை மாடிக்கு மாடி கழிப்பறைகளைக் கழுவலாம், போகக் கூடாது. கதவில் 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. இவர்கள் ஊழியர்கள் அல்ல, 'ஒப்பந்தம்'. ஆகவே ஒன்பது பேரும் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். நாலாம் மாடியைத் துடைப்பவள் அக்காவின் சொந்தத் தங்கை, அவளுக்கு ஐந்து மாதம். தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்று டாக்டர் திட்டி அனுப்பியிருந்தார்.

அக்கா கட்டட மேலாளரிடம் போனாள். எந்த மாடிக்காரராவது 'எங்களுக்கு ஆட்சேபனை இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அந்த மாடியில் தாராளமாகப் போய்க்கொள்ளலாம் என்றார் அவர். அக்காவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நீதிக்கென்றே ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் தன் மாடியிலேயே இருக்கும்போது, இதற்குப் போய் இத்தனை நாள் பயந்தோமே என்று.

அங்கே திட்ட அலுவலர் என்று ஓர் இளைஞர். அறக்கட்டளைக்குள் ஏற்றத்தாழ்வு ஏற்கெனவே ஒழிக்கப்பட்டுவிட்டதால் தன்னை 'சார்' என்று அழைக்கக் கூடாது, 'தம்பி' என்றே அழைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். அக்கா வம்பே வேண்டாமென்று 'தம்பி சார்' என்று வைத்துக்கொண்டாள்.

அவள் சொன்னதைக் கேட்டுத் தம்பி சாருக்குப் புல்லரித்துவிட்டது. அடித்தட்டின் குரல் தானாகவே மாடியேறி வந்தது அறக்கட்டளைச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. ஆனால் கடிதம் கொடுப்பது தங்கள் வேலையல்ல, நிதி கொடுப்பதே வேலை என்று வருத்தத்தோடு விளக்கி, நாற்பத்திரண்டு பக்க விண்ணப்பம் ஒன்றை நீட்டினார்.

"நிதியெல்லாம் வேணாம் தம்பி சார். ஒரு வரி போதும்."

"உங்க பிரச்சினையோட அருமை உங்களுக்கே தெரியலம்மா."

சங்கமாக இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று முதல் பக்கத்திலேயே இருந்ததால் ஒன்பது பேரும் சங்கமானார்கள். முப்பதாம் பக்கத்தில், மாற்றத்தை எப்படி அளப்பீர்கள் என்றொரு கேள்வி. யார் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று பார்த்தால் தெரிந்துபோகும் என்று அக்கா எழுதினாள். தம்பி சார் அதை 'பங்கேற்பாளர்களின் நீரருந்தும் தன்னாளுமை' என்று செப்பனிட்டார். தங்கை அதைப் படித்துவிட்டு, டாக்டர் தன்னிடம் மறைத்த வியாதி இதுதானோ என்று அழ ஆரம்பித்தாள்.

அடுத்து களஆய்வு. களத்துக்கு வண்டியில்தான் போக வேண்டும், இருபது கிலோமீட்டருக்குள் இருந்தால் அது களமே அல்ல என்பது விதி. ஆகவே இயக்குநர் அம்மையாரும் தம்பி சாரும் புகைப்படக்காரரும் வேன் ஏறி, ஊரை ஒன்றரை மணி நேரம் சுற்றி, தங்கள் கட்டடத்தின் பின்வாசலில் வந்து இறங்கினார்கள். துப்புரவு ஆட்கள் ஏறும் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறும்போது, எவ்வளவு பின்தங்கிய பகுதி என்று அம்மையார் இரண்டு முறை சொன்னார். கடைசியில் எல்லோரும் ஏழாம் மாடிக் கழிப்பறை முன்னால் வந்து நின்றார்கள்.

அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் கதவை உங்களுக்குச் சாத்தி வெச்சிருக்கறது யாரும்மா?"

"நீங்கதாம்மா."

அந்த நேர்மையை அம்மையார் மனதாரப் பாராட்டி, குறித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு முகம் கழுவிக்கொள்ள உள்ளே போனார். அக்கா வெளியே நின்றாள்.

மூன்று வருடத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. முதல் வருடம் பயிலரங்குகள், இரண்டாம் வருடம் ஆய்வு, மூன்றாம் வருடம் கடைசி மாதத்தில் அந்த ஒரு வரிக் கடிதம். அதை முதலிலேயே கொடுத்துவிட்டால் என்ன என்று அக்கா கேட்டாள். கொடுத்தால் பிரச்சினை தீர்ந்துவிடும், தீர்ந்த பிரச்சினைக்கு நிதி ஒதுக்க விதிகளில் இடமில்லை என்று தம்பி சார் பொறுமையாகப் புரியவைத்தார். அதற்குள் பிள்ளை பிறந்து நடக்கவே ஆரம்பித்துவிடும் என்றாள் அக்கா. அதையும் அவர் 'உப விளைவுகள்' என்ற தலைப்பில் சேர்த்துக்கொண்டார்.

முதல் பயிலரங்கம் ஏழாம் மாடிக் கூடத்திலேயே நடந்தது. தலைப்பு 'உடல், நீர், உரிமை'. தன்னாளுமைப் பயிற்சியாக ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கொடுத்துக் குடிக்க வைத்தார்கள். ஒன்பது பேரும் சொட்டு விடாமல் குடித்தார்கள். உரிமை பற்றிய உரை இரண்டாம் மணி நேரத்தைத் தாண்டியபோது தங்கை எழுந்தாள். யாரையும் கேட்கவில்லை. நேரே போய் 'ஊழியர்களுக்கு மட்டும்' கதவைத் திறந்து உள்ளே நுழைந்து தாழிட்டுக்கொண்டாள்.

கூடமே உறைந்துபோயிற்று. மூன்றாம் வருடத்துக்கென்று ஒதுக்கியிருந்த விளைவு முதல் மாதமே நடந்துவிட்டது. இனி இரண்டாம் வருடம் எதை ஆய்வு செய்வது?

மறுநாள் காலை மேலாளர் தங்கையை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். காரணம் கேட்ட அக்காவின் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு அவள் ஏழாம் மாடிக்கு ஏறினாள். திட்ட அலுவலரின் மேஜைமேல் வைத்தாள். 'ஊழியர் அல்லாதவர் எங்கள் மாடிக் கழிப்பறையைப் பயன்படுத்தியதற்கு எங்களது ஆட்சேபனையைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' கீழே அம்மையாரின் கையெழுத்து, முத்திரை.

"ஒரு வரி எழுத மூணு வருஷம் ஆகும்னீங்களே. இதை எப்ப எழுதினீங்க?"

தம்பி சார் கொஞ்சம் கூச்சப்பட்டார். ஆனாலும் நிறுவனத்தின் மேலிருந்த பெருமையை அவரால் மறைக்க முடியவில்லை.

"நேத்து சாயங்காலமே எழுதிட்டோம்மா. அவசரம்னு வந்துட்டா நாங்க தாமதிக்கறதே இல்ல."