ஒற்றைக்கையரின் இடது கை

சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி இருந்த அந்த யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் ஒருவருக்கும் காட்டாமல் உயிரோடு திரிந்த ஒரேயொரு மனிதர் ஒற்றைக்கையர்தான். இதை எந்தக் கோயில் வாசலிலும் நின்று சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

பெயரைக் கேட்டு அவசரப்பட்டுப் பரிதாபப்பட வேண்டாம். அவருக்குக் கை இரண்டும் நன்றாகவே இருந்தன. வலது கை உலகத்துக்கு, இடது கை காற்சட்டைப் பொக்கற்றுக்கு என்று பிரித்துக் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். தொலைக்காட்சிப் பெட்டிகளும் கணினித் திரைகளும் திருத்துவது அவருடைய தொழில். அந்தப் பெட்டிகளுக்குள்ளே இருக்கும் மின்சாரம் சுவரில் வருகிற மின்சாரம் மாதிரிச் சாது அல்ல.

"ஒரு கையால பூந்த கரண்ட் மற்றக் கையால வெளிய போகும், பிள்ளை. போற வழியில என்ன கிடக்கு? நெஞ்சு. வழியையே குடுக்காட்டில் அது எங்க போறது?"

இது திருத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விசயந்தான். மற்றவர்கள் வேலை முடிந்ததும் கையை வெளியே எடுத்துவிடுவார்கள். இவர் எடுப்பதில்லை. சைக்கிள் ஓடும்போதும் இடது கை உள்ளேதான். "றோட்டில ஏன் அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன். "றோட்டில விட்டால் மேசையிலயும் விட்டுப்போடும்" என்றார். காளி கோயிலில்கூட ஒரு கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே தூக்கிக் கும்பிடுவார். ஐயர் முகத்தைச் சுளித்தால், "அம்மாளுக்கு விளங்கும், உங்களுக்குத்தான் விளங்கேல்லை" என்று அவருக்கே பாடம் எடுப்பார்.

சோதனைச்சாவடியில் ஒருமுறை அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் நான். புதிதாக வந்த சிப்பாய் ஒருவன் அவருடைய பொக்கற்றைக் கண்டுவிட்டுத் துவக்கை நிமிர்த்திச் சிங்களத்தில் கத்தினான். கையை வெளியே எடு என்றான். ஒற்றைக்கையர் நிதானமாக வலது கையைப் பொக்கற்றுக்குள் விட்டார், இடது கையை எடுத்துக் காட்டினார். மற்றக் கை என்று கத்தினான். இடது உள்ளே போனது, வலது வெளியே வந்தது. இப்படியே உள்ளும் வெளியுமாக நடந்துகொண்டிருக்க, வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் இஷ்ட தெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் அவனே பொறுமை கெட்டுச் சுற்றி வந்து பொக்கற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தான். உள்ளே ஒரு வறுத்த கச்சான் கடலைச் சுருள் இருந்தது. அதில் கொஞ்சத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் இவர் சைக்கிளில் ஏறினார். அதன்பிறகு அந்தச் சாவடிப் பொடியன்கள் இவரைத் தூரத்தில் கண்டாலே தங்கள் இடது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

நான் அப்போது ரசாக் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் வேலை. உட்துறைமுகத்தைப் பார்த்த கடை. வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கவும் கணினியில் முகம் பார்த்துக் கதைக்கவும் சனம் வரும். மின்சாரம் போகிற நேரங்களில் எங்கள் சின்ன ஜெனறேற்றர் பழைய பெரிய திரைகளைத் தாங்காது என்று, நானா ஆசைப்பட்டு ஒரு தட்டைத் திரை வாங்கி வந்தார். அதைக் கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரிப் பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருந்தார்.

அந்தக் காலத்துத் தட்டைத் திரைகளின் வயிற்றுக்குள் பென்சிலைவிட மெல்லிய டியூப் லைற்றுகள் இருக்கும். அவற்றின் வெளிச்சத்தில்தான் படம் தெரியும். அந்த டியூப்புகளைக் கொளுத்த உள்ளே ஒரு சின்னப் பலகை ஆயிரம் வோல்ற்றுக்குக் கிட்டக் கிளப்பும். டியூப் வெடித்தாலோ, வயர் கசிந்தாலோ அந்த ஆயிரமும் கண்ட இடத்தில் பாய்ந்து எரித்துவிடும். அதனால் அந்தப் பலகையிலேயே ஒரு பாதுகாப்பு வைத்திருப்பார்கள். பிழை ஏதும் கண்டால் அது உடனே வெளிச்சத்தை நிறுத்திவிடும். எங்கள் கடற்கரை உப்புக்காற்றுக்கும் ஜெனறேற்றரின் துள்ளலுக்கும் அது அடிக்கடி நிறுத்தும். திரை பளிச்சென்று வரும், கண் மூடித் திறப்பதற்குள் நூர்ந்து இருண்டு போகும்.

ஊரில் மற்றத் திருத்துனர்கள் இதற்கு ஒரு குறுக்குவழி வைத்திருந்தார்கள். பாதுகாப்பை வெட்டிவிடுவார்கள். திரை ஜெகஜோதியாக எரியும், ஆட்களும் சந்தோசமாகக் கொண்டு போவார்கள். ஒற்றைக்கையர் அந்தப் பாதுகாப்பைக் 'காவல்காரன்' என்பார். காவல்காரனை வெட்டியவனைக் கொலைகாரன் என்பார்.

ஒரு மருந்துக்கடைக்காரர் தன் திரையில் பட்டன் ஒன்று இறுகிப்போனது என்று இவரிடம் கொடுத்தார். இவர் பட்டனைத் திருத்தினார். திறந்த கையோடு உள்ளே பார்த்தால் காவல்காரனை யாரோ வெட்டியிருந்தார்கள். கேட்காமலே அதையும் ஒட்டிக் கொடுத்துவிட்டார். கடைக்குக் கொண்டுபோய்ப் போட்டதும் திரை பளிச்சென்று வந்து நூர்ந்தது. மருந்துக்கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு றோட்டு முழுக்கக் கத்தியபடி வந்தார்.

"எரிஞ்சுகொண்டிருந்த சாமானைத் தந்தனான். நூத்துப்போட்டுத் தந்திருக்கிறீர்!"

"நான் நூக்கேல்லை. பிழை கிடக்கு, அவன் நூக்கிறான். நீங்கள் அவனுக்கு நன்றி சொல்லவேணும்."

"ஆருக்கு?"

"உள்ள இருக்கிறவனுக்கு."

மருந்துக்கடைக்காரர் திரையின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார், பாவம்.

இதற்காக ஒற்றைக்கையர் பிழையே விடாத மேதை என்று நினைத்துவிட வேண்டாம். உயர் மின்சாரம் கசிந்தால் மூக்குக்குத் தெரியும் என்று சொல்லித் திரைகளை மணந்து மணந்து திரிவார். ஒருநாள் எங்கள் கடைக்குள் நுழைந்ததும் மூக்கைச் சுருக்கி, "மெயினை நிப்பாட்டுங்கோ, வயர் கருகுது!" என்று போட்ட கூச்சலில் கோல் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் றோட்டுக்கு ஓடினார்கள். கருகியது நானாவின் மதியச் சாப்பாட்டுக் கருவாடு. அதை ஒற்றைக்கையர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "கருவாட்டுக்குப் பின்னால ஒரு வயரும் மணந்தது" என்றே சாதித்தார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஈச்சிலம்பற்றிலிருந்து பாக்கியம் அம்மா வந்திருந்தா. மூதூர் வந்து லோஞ்ச் படகு ஏறி, சோதனைகள் எல்லாம் தாண்டி வந்தவ. மகன் கட்டாரில் கட்டட வேலை. மெசினில் அவனுடைய கை போய்விட்டது என்று அங்கிருந்து வந்த ஊர்ப்பொடியன் ஒருவன் சொல்லிவிட்டான். போனில் கேட்டால் மகன் "எனக்கு ஒண்டும் இல்லம்மா" என்கிறான். அந்தச் சொல்லை எந்தத் தாய் நம்புவாள்? கண்ணால் பார்க்க வேண்டும் என்று மகனோடு நேரம் பேசிக்கொண்டு வந்துவிட்டா. பின்னேரக் கடைசி லோஞ்சில் திரும்ப வேண்டும். பாதை எப்போது பூட்டும், எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்தமுறை என்று ஒன்று இருக்குமோ என்பதே சந்தேகம்.

அன்றைக்கு மின்சாரம் இல்லை. ஜெனறேற்றரைப் போட்டோம். மகனுடைய குரல் வந்தது, தட்டைத் திரை பளிச்சென்று வந்தது, அந்தத் தாய் "ராசா" என்று முன்னால் குனிய, நூர்ந்தது. திரும்பப் போட்டோம். திரும்ப நூர்ந்தது. நான் ஓடிப்போய் ஒற்றைக்கையரைக் கூட்டி வந்தேன்.

அவர் என்னைப் பிடிக்கச் சொல்லி ஒரு கையால் திறந்து பார்த்தார். "டியூப் ஒண்டு வெடிச்சுப்போச்சு. கொழும்பிலயிருந்துதான் வரவேணும்."

"அந்தக் காவல்காரனை வெட்டி உடுங்க," என்றார் ரசாக் நானா. "ஒரு பத்து நிமிசம் எரிஞ்சாப் போதும். பொறகு பாத்துக்கலாம்."

"ஏலாது."

"ஒரு தாய் அழுறாண்டு பாக்கிறீங்க இல்லையே!"

"அந்தத் தாயின்ர மூஞ்சிக்கு முன்னாலதானே அது எரியப்போகுது? பக்கத்தில ஜெனறேற்றருக்குப் பெற்றோல் வேற வச்சிருக்கிறீர். ஏலாது எண்டால் ஏலாது!"

எனக்கு அப்போது அவர்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இந்த மனிசனுக்கு நெஞ்சைக் காப்பாற்றத்தான் தெரியும், உள்ளே ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். பாக்கியம் அம்மா இரண்டு பக்கமும் பார்த்தா. "எனக்கு அவன்ட கையைப் பாக்கணும் புள்ள," என்று மட்டும் சொன்னா.

ஒற்றைக்கையர் ரோச் லைற்றை எடுத்து இருண்ட திரையில் அடித்தார். அடித்த இடத்தில் மங்கலாக என்னவோ தெரிந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு காது.

"படம் ஓடுது," என்றார். "வெளிச்சந்தான் இல்லை."

"அதுக்கு இப்படிக் காது, மூக்கு எண்டு துண்டு துண்டாப் பாத்துக்கொண்டிருக்கிறதா?" என்றார் நானா.

ஒற்றைக்கையர் வாசலைப் பார்த்தார். உட்துறைமுகத் தண்ணீரில் பட்ட பின்னேர வெயில் கடைக்குள் கண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. "மேசையை வாசலுக்கு இழுங்கோ," என்றார். "சாப்பாடு சுத்துற லஞ்ச் சீற் ஒண்டு எடுங்கோ பிள்ளை, புதுசா." ஜெனறேற்றரை நிறுத்திவிட்டு டியூப் பலகையின் வயரைப் பிடுங்கி எறிந்தார். நான் பிடித்துக்கொள்ள, ஒற்றைக் கையாலேயே சட்டத்தைக் கழற்றினார், டியூப்புகளோடு பின்பக்கத்தைக் கழற்றினார். நானா தன் மாப்பிள்ளை துண்டு துண்டாகப் போவதைப் பார்க்க மாட்டாமல் வெளியே போய் ஜெனறேற்றருக்குப் பக்கத்தில் குந்திவிட்டார். கடைசியில் மிஞ்சியது மெல்லிய ஒரு கண்ணாடித் தகடு. அதிலிருந்து தலைமயிர் போன்ற வயர்கள் தொங்கின. அதை நிமிர்த்தி வெயிலுக்கு முன்னால் பிடித்தால் வெயிலே டியூப் லைற்.

ஆனால் அதை ஒரு கையால் பிடிக்க முடியாது. வளைந்தால் வெடித்துவிடும். நான் அதற்குப் பின்னால் லஞ்ச் சீற் என்கிற மெல்லிய வெள்ளைப் பிளாஸ்ரிக் தாளை விரித்துப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெயில் கண்ணைக் கூசவைக்கும். நானாவை நம்பிக் கண்ணாடியைக் கொடுக்க அவர் தயாராக இல்லை. ஒருமுறை தகட்டைப் பார்த்தார், ஒருமுறை அந்தத் தாயைப் பார்த்தார்.

பிறகு பொக்கற்றுக்குள்ளிருந்து இடது கை வந்தது. வெயில் படாமல் வெளுத்துப்போன கை. இரண்டு கையாலும் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போடுங்கோ!" என்றார். ஜெனறேற்றர் இயங்கியது. நான் கணினியைத் திரும்பப் போட்டு மகனுக்குக் கோல் எடுத்துவிட்டு லஞ்ச் சீற்றை விரித்தேன்.

துறைமுகத்து வெளிச்சத்தில் அவன் தெரிந்தான்.

"ரெண்டு கையையும் காட்டுடா ராசா," என்றா பாக்கியம் அம்மா.

அவன் தயங்கினான். பிறகு தூக்கினான். ஒன்றில் பெரிய பன்டேஜ்.

"விரலை ஆட்டு."

பன்டேஜுக்கு வெளியே விரல்கள் ஆடின, எல்லாமே. தாய் பெரிதாக அழத் தொடங்கினா. அவன் அங்கே அழுதான், நான் சீற்றுக்குப் பின்னால் அழுதேன். பக்கத்தில் நின்ற ஒற்றைக்கையருக்குப் படமே தெரியாது. "தெரியுதோ? ஆடுதோ? ஒருதரும் சொல்லுறியள் இல்லையே!" என்று கத்திக்கொண்டே, கதை முடியும்வரை தகட்டை அசையாமல் பிடித்தபடி நின்றார்.

பாக்கியம் அம்மா லோஞ்சுக்கு ஓடுவதற்கு முன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. அவ போனபிறகு அவர் அந்த இடது கையை மெல்லப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

"பிள்ளை, ரெண்டு கையையும் வெளிய எடுத்தனான் எண்டு சாவடிப் பொடியளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. பிறகு மரியாதை இருக்காது."

"சொல்லமாட்டன் அண்ணை" என்றேன். அந்தச் சாவடிகளும் போய்விட்டன, நீங்களும் போய்விட்டீர்கள், அண்ணை. இன்றைக்கும் ஒரு பிளக்கைத் தொடப்போனால் என்னுடைய இடது கை தானாகப் பின்னால் போய்விடுகிறது.