பன்றியார் காரில் ஒரு கீறல் இல்லை

ஒரு காட்டில் வடிவாம்பாள் என்ற ஆமைக்குப் பெரிய அநியாயம் நடந்தது. கோடு போட்ட இடத்தில் முறைப்படி பாதையைக் கடந்துகொண்டிருந்தவள்மேல் காட்டுப்பன்றி தணிகாசலம் தன் புதுக் காரை ஏற்றிவிட்டார். அவள் முதுகு ஓடு கழுத்திலிருந்து வால்வரை பிளந்துபோனது. மழை தொடங்குவதற்குள் அதை ஒட்டியாக வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்கி ஆளே போய்விடுவாள். ஒட்டுகிற மரங்கொத்தியோ, "இவ்வளவு பெரிய வேலையைச் சும்மா செய்ய முடியாதும்மா. இடிச்சவர்கிட்ட போய்க் கேளு" என்றது.

வடிவாம்பாள் தணிகாசலத்தின் வாசலுக்குப் போனாள். எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள், ஆமை அல்லவா.

"அண்ணே, உங்க காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கா?"

"இல்லாம இருக்குமா?" என்று தணிகாசலம் காரின் முன்பக்கத்தைக் காட்டினார். எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கின. "நாலு சக்கரத்துலயும் பழம் வச்சு நசுக்கி, பூசணிக்காய் சுத்தி உடைச்சுட்டுத்தானே வெளியிலயே எடுத்தேன்!"

"அது உங்க காருக்கு. உங்க கார் யார்மேல ஏறுதோ, அவங்களுக்கு?"

"அவங்கவங்க பாத்துக்கணும். ஊருக்கெல்லாம் நானே பழம் வாங்க முடியுமா?"

வடிவாம்பாள் இதோடு விடுகிற ரகம் இல்லை. நேரே சிங்கராஜாவின் சபைக்குப் போனாள்.

"ராஜா, கார் ஓட்டுற எல்லாரும் கட்டாயம் இன்ஷூரன்ஸ் எடுக்கணும்னு சட்டம் போடுங்க. ஓட்டுறது அவங்க, உடையுறது நாங்களா?"

சபையில் கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் துள்ளி எழுந்தார்கள்.

"நான் இதுவரைக்கும் யாரையும் இடிச்சதே இல்லை. நான் ஏன் எடுக்கணும்?" என்றது முயல்.

"நானும் போன வாரம் வரைக்கும் அடிபட்டதே இல்லப்பா" என்றாள் வடிவாம்பாள்.

"கட்டாயம்னு சொன்னாலே எனக்கு ஆகாது. என் கார், என் சுதந்திரம்!" என்று பிளிறியது யானை.

"சுதந்திரமா ஏறுங்க, யாரு வேண்டாங்கறா? ஏறின பிறகு பொறுப்பா இறங்குங்கன்னுதான் சொல்றேன்."

கடைசியாகத் தணிகாசலம் எழுந்தார். "ராஜா, வெளியில வந்து பாருங்க. என் கார்ல ஒரு கீறல் உண்டா? பழம் கட்டின கார் பத்திரமா நிக்குது. பழம் கட்டாத ஆமை பிளந்து கிடக்குது. இதுக்கு மேலயும் சாட்சி வேணுமா?"

மந்திரிக் குரங்கு தலையைச் சொறிந்து, யோசித்து, மறுபடியும் சொறிந்து, "கணக்கு சரியாத்தான் வருது ராஜா" என்றார்.

ராஜா தீர்ப்புச் சொன்னார்: "இன்று முதல் இந்தக் காட்டில் நடந்து போகிறவர்கள் எல்லோரும் கழுத்தில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டாயம் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டாமல் நடந்ததற்காக ஆமை பன்றியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

வடிவாம்பாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். உள்ளே இருந்தபடி யோசிக்க யோசிக்கக் கொதித்தது. தலையை வெளியே நீட்டினாள்.

"ராஜா, வாசல்ல உங்க கார் நிக்குது. அதுல பழத்தையும் காணோம், மிளகாயையும் காணோம். கண்ணாடியில இன்ஷூரன்ஸ் ஸ்டிக்கர்தான் பளபளன்னு இருக்கு. அடிபடுறவங்களுக்கும் சேர்த்து எடுத்த இன்ஷூரன்ஸ். அது மட்டும் எதுக்காம்?"

மந்திரி அவசரமாகக் கூரையைப் பார்த்தார். ராஜாவோ துளியும் கூச்சப்படவில்லை.

"அது அரசாங்கக் கார்ம்மா. பொறுப்பா இருக்க வேண்டாமா?"

"அப்போ அந்த இன்ஷூரன்ஸ்ல என் முதுகை ஒட்டித் தரச் சொல்லுங்க. மேகம் கறுத்துடுச்சு ராஜா."

ராஜாவுக்கு நிஜமாகவே மனம் இளகிவிட்டது. பிடரி மயிரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாராளமா ஒட்டியிருப்பாங்களே! அன்னைக்கு இவர் காருக்குப் பின்னாடியே என் கார்தானேம்மா வந்துச்சு. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? அவசரப்பட்டு இவர் கார்ல போய் விழுந்துட்டியே!"

நீதி: பாதையைக் கடக்கும்போது இடமும் வலமும் பார்த்துப் பொழுதை வீணாக்காதே. வருகிற வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறதா என்று பார். இருந்தால் விழு, இல்லையென்றால் அடுத்த வண்டி வரும்வரை காத்திரு.