எண்ணெய்த் தலையோடு மணிமுத்தாறு

காலையில் செய்தித்தாள் விரியும் சரசரப்பு கேட்டால் இன்றும் எனக்கு உச்சந்தலை பிசுபிசுக்கும். அடுத்த நொடி என் மனைவி செண்பகம், எனக்குக் கேட்கும்படி அணை நீர்மட்டத்தை வாசிப்பாள். மகள் சிரிப்பாள். கல்யாணம் ஆன நாள் முதல் இதுதான் எங்கள் வீட்டுச் சுப்ரபாதம்.

கல்யாணத்துக்கு முன் நான் கவிஞன். அதாவது, கையில் வேலை இல்லாமல் வாயில் உவமை மட்டும் வைத்திருந்தவன். செண்பகத்தின் அப்பா சேரன்மகாதேவியில் நெல் விவசாயி. எனக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு சொல்லாமல் இருந்தார். அவரை மயக்கக் குடும்பத்தோடு மணிமுத்தாறு அணைக்கு அழைத்தேன்.

"மலை மடியில ஒரு கடல், மாமா! எண்ணெய் தேச்சுக்கிட்டு வாங்க. குளியல் என் பொறுப்பு." (வருணனுக்கு மச்சான் போல ஒரு பேச்சு!)

வைகாசி வெயில். வாடகை வேன் முழுக்க நல்லெண்ணெய் வாடை. செண்பகம், அவள் அம்மா, நான் என்று மூன்று தலைகள் பளபளத்தன. மாமாவின் தலை மட்டும் காய்ந்திருந்தது. அதைக் கவனிக்கத் துப்பில்லாமல், வழியெல்லாம் அலைகளை வர்ணித்தேன்.

கரையேறிப் பார்த்தால் பாளம் பாளமாய் வெடித்த சேறு. நடுவில் ஒரு குட்டை. அதில் இரண்டு எருமைகள், நான் வாக்களித்த குளியலை எங்களுக்கு முன்பே தொடங்கியிருந்தன.

"வறட்சியும் ஓர் அழகுதான், மாமா." (இந்த வாயை அந்தச் சேற்றிலேயே புதைத்திருக்க வேண்டும்.)

"அழகாவே? நடவுக்குத் தண்ணி இல்லாம வானத்தப் பாத்துட்டு இருக்கோம். நீரு அழகுங்கீரு!"

"யப்பா, கண்ணுல எண்ண வழியுது," என்றாள் செண்பகம். அத்தை சீயக்காய்ப் பொட்டலத்தை மடியில் இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அதை என் வாயில் கொட்டும் ஆசை அந்தப் பார்வையில் தெரிந்தது.

திரும்பும் வழியில் உவமையெல்லாம் வியர்வையில் கரைந்துவிட்டது. "தப்பு எம்மேலதான், மாமா. தண்ணி இருக்கான்னு நான் யார்ட்டயும் கேக்கவே இல்ல."

"காலைல பேப்பர்லயே போட்டிருந்தான்வே. டீ குடிக்கதுக்கு முன்ன ஊரே அதத்தான் பாக்கும்."

"தெரிஞ்சேவா வந்தீங்க?"

"தண்ணி இல்லாத எடத்துல நீரு என்ன சொல்லுதீருன்னு பாக்கணும்லா. இப்பதான் மனுசன் மாதிரி பேசுதீரு."

"அதுக்கு எங்க தலையிலயுமா எண்ண?" என்று வெடித்தாள் அத்தை.

சேரன்மகாதேவியில், அவர்கள் வீட்டுக்குப் பின்னால், தாமிரபரணி வயலுக்குப் பாயாவிட்டாலும் குளிக்கப் போதுமான அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் இருவரும் என்னை ஏறெடுத்தும் பாராமல் சீயக்காயோடு ஆற்றுக்கு இறங்கினார்கள். நான் எண்ணெய் வழிய வேனருகே நின்றேன். வாசல்வரை போன மாமா திரும்பினார்.

"வெள்ளிக்கிழம உம்ம ஆளுகளக் கூட்டிட்டு வாரும், பேசி முடிச்சிருவோம். வரும்போது மட்டும் வீட்டுலயே குளிச்சிட்டு வந்திரும்வே."