ரோமாபுரியின் நடுக்கம்பம்

1975 டிசம்பர் பதினெட்டு, காலை பதினோரு மணி பஸ்ஸில் அமலநாதன் வாத்தியார் ரோமிலிருந்து ஜவ்வாது மலைக்குத் திரும்பினார்.

உண்மையில் பம்பாயிலிருந்து. பாஸ்போர்ட் நேரத்துக்கு வராததால் திருயாத்திரைக் கூட்டம் அவரை விட்டுவிட்டுப் பறந்துவிட்டது. மைத்துனன் வீட்டில் இருபது நாள் சப்பாத்தி தின்றார். நடைபாதைக் கடையில் ரோம் நகரப் பட அட்டைகள் ஒன்பது வாங்கினார்.

நடந்ததைச் சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் அவரை வழியனுப்பியபோது மூன்று ஊர் சனம் மேளம் அடித்து மாலை போட்டிருந்தது. இறங்கிய இடத்திலும் மேளம் காத்திருந்தது. இனி உண்மை வெளியே வந்தால், அந்த மலையில் எந்தப் பிள்ளையையும் 'பொய் சொல்லாதே' என்று அதட்ட முடியாது.

பள்ளிக்கூடத்தில் ஊர் கூடியது. ஊர்க்கவுண்டர் கோபால்சாமி முன்வரிசையில். கழுதையில் புளி மூட்டை ஏற்றும் காசி, பொத்தான் போன காக்கிக் கோட்டோடு கடைசியில்.

முதல் அட்டை கொலோசியம். கூட்டத்திலிருந்த மங்கம்மாள் உற்றுப் பார்த்தாள்.

"பாதி இடிஞ்சி கெடக்குதே. அங்கயும் நம்ம பஞ்சாயத்துதானா?"

அடுத்தது பாந்தியன் என்ற வட்டக் கோயில். வெளியிலிருந்து எடுத்த படம். முன்னால் தூண்கள், பின்னால் குண்டுச் சுவர், மேலே கவிழ்த்த சட்டி. கட்டி ஆயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு மேல் என்றார்.

வயது கோபால்சாமிக்கு முக்கியமில்லை. அவர் ஊரில் கூரையைத் தாங்கும் நடுக்கம்பம் நட்டுப் பொங்கல் வைத்த பிறகுதான் எந்தக் கூரையும் ஏறும்.

"உள்ள நடுக்கம்பம் இன்னா மரம் சார்?"

கம்பம் இல்லை என்றால், பிறகு எப்படி நிற்கிறது என்று கேட்பார்கள். அது வாத்தியாருக்குத் தெரியாது.

"தேக்கு," என்றார்.

பருமனைக் கேட்டார்கள். நாலு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்றார். ஒட்டு உண்டா என்று கேட்டார்கள். ஒரே மரம் என்றார். காசி மட்டும் எதுவும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடக் கூரை எப்படியும் மாற்ற வேண்டியிருந்தது. ரோம் மாதிரியே வட்டமாகக் கட்டிவிடுவது என்று மறுநாளே முடிவானது. வாத்தியார்தான் மேற்பார்வை.

அவர் தப்பிக்கப் பார்த்தார். ரோமில் கம்பம் நடுமுன் நாற்பது நாள் விரதம் உண்டு, ஒருவேளைச் சாப்பாடுதான் என்றார். ஊர் அசரவில்லை. மேற்பார்வை என்பதால் அவரும் விரதம் இருக்க வேண்டியதாயிற்று. பிப்ரவரியில் சட்டை தொளதொளத்தது.

நாலு பேர் கட்டிப்பிடிக்கும் மரம் இங்கே ஏது என்றார். கோபால்சாமி தன் நிலத்து மரங்கள் ஆறை வெட்டி, ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். பள்ளிக்கூடத்தின் நடுவில் அது நின்றதும், வலப்பக்கப் பிள்ளைகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. வாத்தியார் பலகையை நகர்த்தினார். இடப்பக்கத்துக்குத் தெரியவில்லை. அரை வகுப்புக்கு ஒரு தரம் என்று எல்லாப் பாடத்தையும் இரண்டு தரம் நடத்தினார்.

சித்திரையில் முதல் கோடைமழை. குண்டுக் கூரையில் வைக்கோல் நிற்காமல் சரிந்தது. தண்ணீர் கம்பத்தின் வழியே இறங்கி அவர் மேசைக்கு வந்தது. ஊரே உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தது.

"ரோம்ல ஒழுவாதா சார்?" என்றார் கோபால்சாமி.

எல்லோரும் வாத்தியார் வாயைப் பார்த்தார்கள். கட்டியதில் கோளாறு என்று ஆகிவிட்டால் அவர் தப்பித்தார்.

"அங்க கூரையில ஊசி நுழைய எடம் கெடையாது. இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு உள்ள வுழுந்ததில்ல."

கடைசி வரிசையில் காசி எழுந்து நின்றார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பெரிய சண்டையப்ப வெள்ளைக்காரன் பட்டாளத்துல கோவேறு கழுதைங்கள ஓட்டினு அந்த ஊருக்குப் போனப்ப, மழைக்கு அந்தக் கோயிலுக்குள்ளதான் சார் ஒதுங்கினேன். நீங்க சொல்ற கம்பத்துக்கு நேர் மேல, வானம் தெரியறாப்பல வட்டமா ஒரு ஓட்டை. மழை நேரா உள்ளதான் வுழுந்துச்சி. அத எப்ப சார் அடைச்சாங்க?"