வசந்தமலர் கேட்ட காத்து

"மெடம், என்ர உரப் படிவம் வாசலுக்கு வெளிய போகுது" என்றார் வரிசையில் முதலாவதாக நின்ற விவசாயி.

அந்தக் கமநல சேவை நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு மின்விசிறி. அன்று காலை அதை நான்காவது தடவையாகத் தன் பக்கம் திருப்பியிருந்தாள் வசந்தமலர். திருப்பிய வேகத்தில் ஒரு வயல்வட்டை விவசாயிகள் அத்தனை பேரின் படிவங்களும் மேசையை விட்டுக் கிளம்பிவிட்டன. பொறுக்கக் குனிந்து நிமிர்ந்தபோது நெஞ்சிலிருந்து நெற்றிவரை சூடு ஏறியது. இதயம் தடதடவென்று அடித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலு நிமிஷத்தில் எல்லாம் வடிந்து, உடம்பு குளிர்ந்துபோய், மின்விசிறியை விவசாயிகள் பக்கமே திருப்பிவிட்டாள்.

"மறுகா வந்திட்டா?" என்றாள் பக்கத்து மேசை ஸஹீதா. ஏறாவூரிலிருந்து வருபவள், மூன்று வயது மூத்தவள். "மாதாந்தம் நிக்கிற வயசில இப்பிடித்தான். எனக்கும் வந்தது."

"வீட்டுல அவர் பதட்டம் எண்டுறார். நான் கனக்க யோசிக்கிறனாம்."

"யோசிக்காம இரிக்கிறதுக்கு ஆள் போட்டுத் தந்தவரா? என்ர மாமிக்கும் இதே மாதிரி வந்து, பாத்தா தைரொயிட். போய்க் காட்டுங்க."

மூன்றில் எதுவானாலும் வசந்தமலருக்குச் சம்மதம்தான். பெயர் தெரியாமல் இருப்பதுதான் பயமாக இருந்தது. அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. அவளுடைய அம்மா ஐம்பத்தொன்றில், முற்றத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தபோது விழுந்தவர் எழும்பவில்லை. அதற்கு முன் ஒரு வருஷமாக "வெக்கையாக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். வெக்கைதானே என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

லீவு போட்டு, வலையிறவுப் பாலம் தாண்டி, டவுனில் கிளினிக்கில் காட்டினாள். டொக்டர் பெண்பிள்ளை நெஞ்சைச் சோதித்து, ஈ.சி.ஜி. எடுத்து, "இதயம் இப்ப நல்லா இரிக்கு அம்மா" என்றாள். பிறகு ஒரு கொப்பி வாங்கி எழுதச் சொன்னாள்.

"சூடு திடீரெண்டு மேல ஏறி, வேர்த்து, கொஞ்ச நேரத்தில குளிர்ந்தா அது அநேகமா மாதவிடாய் நிக்கிற சூடு. முதல்ல பயம் வந்து, மூச்சு முட்டி, இப்பவே செத்திருவன் எண்டு தோணினா பதட்டம். நாள் முழுக்க வெக்கை, கை நடுக்கம், நல்லாச் சாப்பிட்டும் மெலிவு எண்டா தைரொயிட். ரெண்டு மூண்டு சேர்ந்தும் வரும். அதனால வெள்ளிக்கிழமை ரத்தம் பாப்பம். தவறவிட்டா அடுத்த தவணை ஆறு கிழமைக்குப் பிறகுதான்."

வசந்தமலர் கொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தாள். எழுத உட்கார்ந்தால் முதலில் வந்தது சூடா பயமா என்று நினைவில்லை. நினைவில்லையே என்று நினைத்ததும் நெஞ்சு அடித்தது. அதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியாமல் இன்னும் வேர்த்தது. இரண்டு நாளில் அவளுக்குக் கொப்பியைக் கண்டாலே களைத்தது.

அந்த வாரம் ஊரில் கண்ணகை அம்மன் சடங்கு. மத்தியானப் பூசைக்குக் கணவர் இராசதுரையோடு போய்ச் சனத்தின் நடுவில் அகப்பட்டுக்கொண்டாள். முன்னால் புஸ்பம் அக்கா ஆடிக்கொண்டிருந்தார். ஒன்பது வருஷமாக அம்மன் ஏறுவது அவரில்தான். எலும்பும் தோலுமான உடம்பு, உருண்டு நிற்கும் பெரிய கண்கள், சும்மா இருக்கும்போதும் நடுங்கும் விரல்கள். அதெல்லாம் அம்மன் விலகாமல் பக்கத்தில் நிற்பதன் அடையாளம் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

கற்பூரப் புகையில் வசந்தமலருக்குச் சூடு ஏறியது. கொப்பியை எடுக்க இடுப்பைத் தடவினாள். முகம் சிவந்து, சேலைத் தலைப்பால் விசிறினாள். உடுக்கடிப்பவர் அதைப் பார்த்துவிட்டார். பார்த்தவர் நேரே அவள் முன்னால் வந்து, காதுக்குள்ளேயே அடிக்கத் தொடங்கினார். தள்ளிப் போங்கள் என்று அவள் கையை உயர்த்தினாள். சனம் கும்பிட்டது. கோயிலில் பூசை செய்யும் கட்டாடியார் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றி, வேப்பிலையைக் கையில் திணித்தார்.

"சொல்லு தாயே."

"காத்து" என்றாள் வசந்தமலர் மூச்சு வாங்கியபடி. "காத்து... காத்து..."

"காத்து நிக்கிறாவாம்" என்று கட்டாடியார் சனத்துக்குச் சொன்னார். "ஊரக் காத்து நிக்கிறாவாம்."

குரவை எழுந்தது. காற்றுக் கேட்டவளைச் சுற்றிச் சனம் இன்னும் நெருங்கியது. வசந்தமலருக்கு அழுகை வந்தது. அதற்கும் குரவை போட்டார்கள்.

மறுநாள் விடியற்காலையிலேயே முற்றத்தில் ஆட்கள். ஒருவருக்கு மாட்டைக் காணவில்லை. ஒருத்திக்கு மகளின் விசா வரவில்லை.

"எனக்கு ஒண்டும் தெரியாது" என்றாள் வசந்தமலர்.

"புஸ்பம் அக்காவும் முதல் வருஷம் இப்பிடித்தான் சொன்னவ" என்றார் மாட்டுக்காரர் பக்தியோடு.

"அது அம்மன் இல்ல. எனக்கு உடம்புல வெக்கை."

அதுதான் பிழையாகப் போயிற்று. வெக்கை என்ற சொல் அன்று பத்து மணிக்குள் கோயிலுக்குப் போய்விட்டது. மதுரையை எரித்தவளின் வெக்கை அல்லவா, அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்தி பாடாமல் தணியாது என்று கட்டாடியார் நேரில் வந்தார். சடங்கு முடியும்வரை வசந்தமலர் பாலம் தாண்டக்கூடாது என்றார்.

"வெள்ளிக்கிழமை எனக்கு ரத்தம் எடுக்கிற நாள் ஐயா."

"அம்மன் ஏறின உடம்புல ஊசி குத்தப்படாது தாயே."

மாதாந்தம் நிற்கிறது என்று அந்த முதிய ஆண்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. உதவிக்கு இராசதுரையைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"நீங்க தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

இருபத்தாறு வருஷமாக "நீ" என்றே கூப்பிட்ட மனிதர். அன்றைக்கு நான்கு தேத்தண்ணி போட்டுத் தந்தார், கட்டிலில் பக்கத்தில் இருக்கப் பயந்தார். பதட்டம் என்று சொன்ன வாயைத் திறக்கவே இல்லை. அம்மன் ஏறியதால் வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் ஓய்வு அதுதான். ஆனால் அம்மாவுக்கும் இப்படித்தானே வெக்கை என்றே பேர் வைத்து விட்டார்கள் என்று நினைத்து, வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

புதன்கிழமை பின்னேரம், கொப்பியை எடுத்துக்கொண்டு புஸ்பம் அக்கா வீட்டுக்குப் போனாள். அவர் ஒரு சொல் சொன்னால் கட்டாடியார் கேட்பார். போட்டிக்கு வந்தவள் என்று கோபமாக இருப்பாரோ என்ற பயமும் இருந்தது.

புஸ்பம் அக்கா வாசலில் இருந்து நடுங்கும் விரல்களால் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, சத்தியமா எனக்கு அம்மன் வரல்ல. நான் கேட்டது காத்து. வீசுற காத்து."

"அப்ப என்ன மனே உனக்கு?"

"அதத் தெரியத்தான் வெள்ளிக்கிழமை போகணும்." கொப்பியை விரித்து டொக்டர் சொன்ன மூன்றையும் வாசித்தாள்.

புஸ்பம் அக்கா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "மூண்டாவத இன்னொருக்கா வாசி."

வாசித்தாள். புஸ்பம் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். கோபம்தான் என்று வசந்தமலர் சோர்ந்துபோய் வீடு திரும்பினாள்.

வியாழக்கிழமை மத்தியானப் பூசையில் புஸ்பம் அக்கா ஆடியபடியே வந்து அவள் முன்னால் நின்றார்.

"இவளில நான் வரல்ல. நாளைக்கு இவள் பாலம் தாண்டிப் போய் ரத்தம் குடுக்கட்டும்."

"தாயே, ஊசி..." என்று கட்டாடியார் இழுத்தார்.

"நான் உத்தரவு தந்திட்டன். துணைக்கு இந்தப் புஸ்பமும் போகட்டும்."

கட்டாடியாரே பஸ் நேரம் விசாரித்துச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இராசதுரை நாற்காலியில் சாய்ந்து, "தேத்தண்ணி போடன் நீ" என்றார். அந்த "நீ"யைக் கேட்க அவளுக்குச் சிரிப்பும் ஆறுதலும் சேர்ந்து வந்தன.

வெள்ளிக்கிழமை காலை பஸ் பாலத்தில் ஏறியதும் வசந்தமலர் யன்னலைத் திறந்துவிட்டாள். வாவிக் காற்று இருவர் முகத்திலும் அடித்தது.

"நல்லவேளை அக்கா, நேத்து அம்மன் வந்து சொன்னா."

புஸ்பம் அக்கா நடுங்கும் விரல்களை மடிக்குள் மறைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தார்.

"நேத்துச் சொன்னது நான்தான் மனே, இந்த ஒன்பது வருஷமும் வந்தது அம்மனா, நீ வாசிச்ச மூண்டாவதா எண்டு எனக்கும் ஒருக்காத் தெரியத்தானே வேணும்."