குதிரைக்குக் கண்ணு வரைஞ்ச கதை

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. பொள்ளாச்சிப் பக்கம் போய் ஒரு மண் குதிரைய வண்டியில ஏத்திட்டு வரணும். அவ்வளவுதான்.

என் சம்சாரம் சுகந்தி வடவள்ளில புதுசா கைவினைப் பொருள் கடை போடறா. கடைன்னு சொன்னா கோவிச்சுக்குவா, கேலரின்னு சொல்லணும். எட்டு மாசமா பவானி, சிறுமுகை, தாராபுரம்னு அலைஞ்சு ஒவ்வொரு பொருளா பாத்துப் பாத்துச் சேத்திருக்கா. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திறப்பு விழா. உள்ள நுழைஞ்சதும் ஒரு வெள்ளை மேடை, மேல ரெண்டு ஸ்பாட் லைட். அந்த மேடையில நிக்கத்தான் குதிரை.

"மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன். இந்த ஒண்ண மட்டும் சொதப்பாமச் செய்யுங்க"ன்னா.

இருபது வருஷமா பம்ப்செட் விக்கறவன் நான். ஒரு குதிரையக் கொண்டுவரத் தெரியாதான்னு எனக்குக் கொஞ்சம் ரோஷமாவே இருந்தது.

வாடகைக்குப் பேசின குட்டியானை வண்டியில, டிரைவர் சேகரோட, பத்து மணிக்கெல்லாம் குயவர் பழனிசாமி அண்ணன் வீட்டுக்குப் போயிட்டேன். குதிரை இடுப்பு உசரம் இருந்தது. கழுத்து மணி, நெத்திப் பட்டம், முதுகுல சேணம், எல்லாம் மண்ணுலயே. கண்ணு இருக்க வேண்டிய இடத்துல மட்டும் ரெண்டு வழுவழு மேடு.

"கடைக்குன்னு சொன்னீங்க, அதனால கண்ணு தொறக்கலீங்க. கோயிலுக்குப் போறதுக்கு மட்டுந்தானுங்க கண்ணு தொறக்கறது. அப்புறம் அது..."ன்னு அண்ணன் சொல்லிட்டிருந்தார்.

அந்நேரம் பாத்து உடுமலை டீலர் போன்ல வந்துட்டார். மோட்டார்ல காயில் எரிஞ்சு போச்சாம். நான் அவருக்கும் அண்ணனுக்கும் சேத்து "சரிங்க, சரிங்க"ன்னு தலையாட்டினேன். ரெண்டு பேர் சொன்னதும் மண்டையில ஏறல.

வைக்கோல் பரப்பி, குதிரையப் படுக்க வெச்சுக் கட்டிக் கிளம்பினோம். கிணத்துக்கடவுல வண்டிய நிறுத்தி சேகர் சாப்பிடப் போனார். நான் பின்னாடி ஏறி குதிரையப் பாத்தேன். கண்ணே இல்லாத குதிரைய சுகந்தி முன்னாடி எறக்கினா, பாதி வேலையில தூக்கிட்டு வந்திருக்கீங்கன்னு சொல்லுவாளேன்னு தோணுச்சு.

போன் பண்ணி அவகிட்டக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தா இந்தப் பதிவே இருந்திருக்காது.

எதிர்லயே ஹார்டுவேர் கடை. சின்ன டப்பா வெள்ளை, சின்ன டப்பா கருப்பு, ஒரு பிரஷ் வாங்கினேன். "எனாமலா எடுத்துக்குங்க சார், மழைக்கும் போகாது வெயிலுக்கும் போகாது"ன்னு கடைக்காரர் நல்ல எண்ணத்தோடதான் சொன்னார்.

இடது கண்ணு அழகா வந்தது. வலது கண்ணு கொஞ்சம் பெருசாயிருச்சு. அதுக்குச் சரியா இடதையும் கொஞ்சம் பெருசாக்கினேன். அது வலதைத் தாண்டிப் போச்சு. இப்படியே ஒண்ணை ஒண்ணு துரத்திட்டுப் போய், கடைசில ரெண்டும் காப்பி டவரா அளவுக்கு வந்து நின்னுச்சு. நடுவுல கருப்பு வேற. எந்தப் பக்கம் நகந்தாலும் குதிரை என்னையே மொறைச்சுது.

சேகர் ஏப்பம் விட்டுட்டே வந்தார். குதிரையப் பாத்ததும் ஏப்பம் பாதியில நின்னுச்சு. செருப்பக் கழட்டினார். தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டினார்.

"ஏனுங்ணா, கண்ணத் தொறந்துபோட்டீங்களா?"

"சும்மா பெயிண்ட்டுதாங்க சேகர்."

"பெயிண்ட்டுலதானுங்ணா எல்லாக் கோயில்லயும் தொறக்கறாங்க. இது இனிச் சாமிங்க. நான் இப்பத்தான் மட்டன் பிரியாணி தின்னுபோட்டு வாரேன். நான் எப்படிங்க சாமிய ஓட்டறது?"

உடனே பழனிசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"நாந்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்களே"ன்னார்.

"தொடச்சுறலாமுங்களா?"

"தொறந்த கண்ணப் போய்க் குத்துவீங்களா?"

அப்புறம் அவரே கொஞ்சம் எறங்கி வந்தார். "சேரி, நடந்தது நடந்துபோச்சு. ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. கண்ணு தொறந்ததப் படுக்க வெச்சுக் கொண்டுபோகக் கூடாதுங்க. நிக்க வெச்சு, மெதுவாக் கூட்டிட்டுப் போங்க."

இந்தத் தடவ முழுசாக் கேட்டேன்.

சேகர் ஓட்டலுக்குப் பின்னாடி போய்த் தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தார். கையில ஒரு சாமந்தி மாலை, நாலு எலுமிச்சம்பழம். குதிரைய நிக்க வெச்சு நாலு பக்கமும் கயிறு கட்டினோம். அது சாயாமப் புடிச்சுக்க நான் பின்னாடி நின்னேன். வெத்துக் காலோட. செருப்ப சேகர் பறிமுதல் பண்ணிட்டார்.

இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போனா குதிரை ஆடுது. பஸ்ஸுல போனவங்க ஜன்னல் வழியா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. ஒரு பால்காரர் வண்டிய ஓரங்கட்டிக் கும்பிட்டார். சுகந்தி மூணு தடவ போன் பண்ணினா. ரெண்டு கையும் குதிரை மேல இருந்ததால எடுக்க முடியல. எடுத்திருந்தாலும் என்னத்தச் சொல்றது?

ஒரு சிக்னல்ல, ஸ்கூட்டில வந்த அம்மா ஒருத்தங்க கேட்டாங்க. "எந்தூருச் சாமிங்க?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சேகர் முன்னாடி இருந்து, "வடவள்ளிங்க"ன்னார்.

"எனக்கும் வடவள்ளிதானுங்க. இத்தன நாள் தெரியாமயே இருந்துபோட்டனே."

உண்மையாவே வருத்தப்பட்டாங்க. நான் இல்லைங்கன்னு சொல்லியிருக்கணும். அவ்வளவு மரியாதையாக் கேக்கறவங்ககிட்ட எப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரி இல்லைன்னு சொல்றது? "இப்பத்தானுங்க வருது"ன்னு சொல்லிட்டேன். அவங்க பின்னாலயே வந்தாங்க. அவங்களப் பாத்து இன்னும் நாலு வண்டி வந்துச்சு.

அஞ்சரைக்குக் கேலரி வாசல். விருந்தாளிங்க எல்லாம் வந்து நின்னுட்டிருந்தாங்க. வண்டியப் பாத்ததும் சுகந்தி முகம் மலர்ந்துச்சு. அப்புறம் மாலையப் பாத்தா. அப்புறம் கண்ணப் பாத்தா.

"யாரு வரைஞ்சது?"

"நாந்தான்."

அவ தன் கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. அதுக்குத் திட்டியே இருக்கலாம்.

பின்னாடி ரூம்ல வெச்சுட்டு ராத்திரி ஏதாவது பண்ணிக்கலாம்னு மெதுவா இழுத்தேன். "சாமிய ஸ்டோர் ரூம்லயா வெப்பீங்க?"ன்னு ஸ்கூட்டி அம்மா கேட்டாங்க. சேகரும் கூட வந்தவங்களும் சேந்து குதிரையத் தூக்கி நேரா வெள்ளை மேடையில வெச்சுட்டாங்க. ஸ்பாட் லைட் ரெண்டும் கரெக்டா கண்ணுல விழுந்துச்சு.

"என்னா உக்கிரம்"னு யாரோ மெல்லச் சொன்னாங்க. என் வாழ்க்கையில நான் வரைஞ்ச படத்துக்குக் கிடைச்ச மொதப் பாராட்டு அது.

அதுக்கப்புறம் எல்லாம் தானா நடந்துச்சு. எல்லாரும் செருப்ப வாசல்ல விட்டாங்க. விலை போட்டு வெச்சிருந்த மூங்கில் கூடை பூக்கூடை ஆச்சு. சுவத்துல தொங்கின பவானி ஜமக்காளத்த இறக்கி விரிச்சு நாலு பேர் சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. சுகந்தி ஆர்டர் பண்ணியிருந்த கட்லெட்ட, ஒரு தாத்தா ரெண்டு கையையும் நீட்டி பிரசாதமா வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டார்.

சுகந்தியோட சிநேகிதி, வீட்டு அலங்காரம் பண்றவங்க, பெரிய பெரிய பங்களாவுக்கெல்லாம் பொருள் வாங்கறவங்க. விழாவே பாதி அவங்களை நம்பித்தான். அவங்க குதிரையச் சுத்திப் பாத்துட்டு, "ப்ரைஸ் என்ன?"ன்னு கேட்டாங்க.

ஸ்கூட்டி அம்மா திரும்பினாங்க. "சாமிக்கு வெல கேக்கலாமா கண்ணு?"

கோவமாச் சொல்லல, ரொம்பப் பிரியமாத்தான் சொன்னாங்க. ஆனா அதோட அந்த எடத்துல ஒருத்தரும் எந்தப் பொருளுக்கும் விலை கேக்கல. சிநேகிதி கன்னத்துல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.

எட்டு மாசமா அவ அலைஞ்சது என் கண்ணு முன்னாடி வந்துச்சு. எனக்கு நெஜமாவே அழுகை வந்துருச்சு. சுகந்தி பில் புக்க மூடி வெச்சுட்டா.

கூட்டம் கலைஞ்சப்ப ஸ்கூட்டி அம்மா அவகிட்ட வந்தாங்க. கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "மனசு நெறைஞ்சு போச்சு அம்மணி. வெள்ளிக்கிழம எத்தன மணிக்குங்க நடை தொறப்பீங்க?"

சுகந்தி என்னைய ஒரு நிமிஷம் பாத்தா. குதிரை பாத்த அதே பார்வை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. பூசாரி அவருதான், அவரையே கேளுங்க"ன்னா.

அம்மா என் பக்கம் திரும்பிக் கை கூப்பினாங்க.

"ஆறரைக்குங்க"ன்னேன்.